மணிச்சத்து குறையும்போது சுரக்கும் நொதி

"வருடந்தோறும் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் டி.ஏ.பி. போடுகிறோமே, அந்த மணிச்சத்தெல்லாம் எங்கே போகிறது?" பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கரிசல் விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

எங்கும் போகவில்லை, உங்கள் நிலத்திலேயே இருக்கிறது. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 23 கிலோ மணிச்சத்து உண்டு. சுண்ணாம்பு மிகுந்த நம் மண்ணில் இதில் பெரும்பகுதி சுண்ணாம்புடன் சேர்ந்து இறுகிவிடுகிறது. மண்ணிலுள்ள மணிச்சத்தில் இன்னொரு பகுதி, தொழுஉரம், தழை, வேர்க்கட்டை ஆகியவற்றில் அங்ககப் பொருளாகப் பூட்டிக் கிடக்கிறது. இந்த இரண்டாவது பூட்டைத் திறக்கும் சாவியே பாஸ்பட்டேஸ் என்னும் நொதி. பயிரின் வேர்களும் மண்ணின் நுண்ணுயிர்களும் இதைச் சுரக்கின்றன.

எப்போது சுரக்கின்றன என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டில் இதைத் தெளிவாகக் கண்டார்கள். மூலப் பத்திரம் பெட்டியிலேயே இருக்க, நகல் மட்டும் வெளியே வருவதுபோல, ஈஸ்ட் செல்லின் உட்கருவிலுள்ள மரபணுவைப் படியெடுத்தே இந்நொதி தயாராகிறது. படியெடுப்பைத் தொடங்கிவைப்பது 'பி.எச்.ஓ. 4' என்ற புரதம். சுற்றிலும் மணிச்சத்து தாராளமாக இருந்தால், வேறு இரு புரதங்கள் கூடி இதன்மேல் பாஸ்பேட்டை ஒட்டிவிடும். ஒட்டப்பட்ட புரதம் உட்கருவைவிட்டு வெளியேற, நகல் எடுப்பதும் நின்றுபோகும். மணிச்சத்து குறைந்தால் ஒட்டுவது நின்று, புரதம் உட்கருவிலேயே தங்கும். நொதியும் பெருகும். 1994-லும் 1996-லும் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வுகள் இதை விளக்கின.

பயிர்களில் வேலைசெய்யும் புரதங்கள் வேறு. ஆனால் பழக்கம் ஒன்றே: மணிச்சத்து குறைந்த வேர் அதிக பாஸ்பட்டேஸ் சுரக்கிறது. மேலும் மேலும் உரம் கொட்டினால் வேர் அந்த வேலையைக் குறைத்துக்கொள்ளும். இதைக் கேட்டுவிட்டு அடியுரத்தை அடியோடு நிறுத்திவிடாதீர்கள்! இளம்பயிருக்கு மணிச்சத்து கட்டாயம் தேவை. எவ்வளவு என்பதை மண் பரிசோதனை சொல்லட்டும்.

சுண்ணாம்புடன் இறுகியதை இந்நொதியால் விடுவிக்க முடியாது. அதற்கு அமிலம் சுரக்கும் பாஸ்போபாக்டீரியா வேண்டும். ஏக்கருக்கு 4 பொட்டலங்களை (800 கிராம்) 10 கிலோ தொழுஉரம், 10 கிலோ மண்ணுடன் கலந்து, ஈரமிருக்கும்போது தூவுங்கள். மானாவாரிக்கு, பரிந்துரைத்த சூப்பர் பாஸ்பேட்டை ஏக்கருக்கு 300 கிலோ தொழுஉரத்துடன் கலந்து, ஒரு மாதம் மூடிவைத்து, ஊட்டமேற்றிய உரமாக இடுங்கள். பாஸ்போபாக்டீரியாவை மட்டும் ரசாயன உரத்துடன் நேரடியாகக் கலக்க வேண்டாம்.