இந்தியக் கால்பந்தாட்டக் குழுவின் ஏற்றமும் இறக்கமும்

1948 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31 ஆம் நாள். இலண்டன் மாநகரை அடுத்த இல்ஃபோர்டு என்னும் ஊரில், கிரிக்கிள்ஃபீல்டு மைதானத்தில், ஒலிம்பிக் கால்பந்தாட்டப் பந்தயம் ஒன்று நடைபெற்றது. ஒரு பக்கம் பிரான்சு; மறுபக்கம் விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறைவுறாத இந்தியா. இந்திய வீரர்களுள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். ஆங்கிலேய மக்கள் அதைக் கண்டு வியந்தனர்.

இவ்வுரையை மதகடிப்பட்டிலும் வில்லியனூரிலும் பாகூரிலும் இருந்து கேட்கும் நேயர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த ஜூலை 31 அன்று நம்முடைய தந்தையரும் பாட்டன்மாரும் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள்? சட்டத்தைக் கேட்டால், பிரான்சின் பக்கம். மதகடிப்பட்டிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் சிறிது தொலைவு நடந்தால் இந்தியா. இப்பால் நின்றால் பிரான்சு. வயலுக்கு வயல், வாய்க்காலுக்கு வாய்க்கால் இரண்டு நாடுகள் பின்னிக் கிடந்த நிலம் இது. ஆயினும் உள்ளத்தைக் கேட்டால் விடை வேறு. அவ்விடையை 1954 ஆம் ஆண்டு அக்டோபர் 18 ஆம் நாள் கீழூரில் கூடிய 178 மக்கட் பிரதிநிதிகளுள் 170 பேர் வாக்காக அளித்தனர். கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். இந்தியக் குழுவின் கதை நம்முடைய கதையோடு இரண்டு மூன்று இடங்களில் குறுக்கிடுகின்றது, அதனால்தான் கூறினேன்.

இல்ஃபோர்டில் நடந்தது இதுதான். பிரான்சு முதலில் ஒரு கோல் போட்டது. இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி உதைகள் கிட்டின, இரண்டும் வீணாயின. ஆட்டத்தின் எழுபதாவது நிமிடத்தில் சாரங்கபாணி இராமன் என்பவர் பந்தை வலைக்குள் செலுத்திச் சமன் செய்தார். விடுதலை பெற்ற இந்தியா உலக அரங்கில் போட்ட முதல் கோல் அது. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு மற்றொரு கோல் போட்டு 2-1 என்று வென்றது. தோற்ற குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நாகர் மலையைச் சேர்ந்த டாக்டர் தாலிமெரன் ஆவ். பெனால்டி இரண்டில் ஒன்று பலித்திருந்தாலும் முடிவு மாறியிருக்கக் கூடும். தோல்விதான், ஆனால் நாணத்தக்க தோல்வியன்று.

வெறுங்கால் ஆட்டத்தைப் பற்றி இங்கே ஒரு சொல். அது வறுமையால் மட்டும் வந்த பழக்கம் அன்று. 1911 இல் கல்கத்தாவில் மோகன் பகான் சங்கத்தார், ஒருவர் நீங்கலாக ஏனைய பதின்மரும் வெறுங்காலினராய் ஆடி, ஆங்கிலேயப் படைப்பிரிவின் குழு ஒன்றை வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். அன்று முதல் வெறுங்கால் என்பது பெருமைக்குரிய ஓர் அடையாளமாகவே ஆகிவிட்டது. காய்ந்த தரையில் வெறுங்காலால் பந்தை அடக்குவதும் திருப்புவதும் எளிது என்று வீரர்கள் உண்மையாகவே நம்பினர். காய்ந்த தரை என்பதை மறந்துவிடலாகாது.

இதிலிருந்து கிளைத்த கதை ஒன்றும் உண்டு. 1950 ஆம் ஆண்டு பிரேசில் நாட்டில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டிக்கு இந்தியா தகுதி பெற்றும் போகவில்லை; வெறுங்காலுடன் ஆடக்கூடாது என்று உலகக் கூட்டமைப்பு தடுத்ததே அதற்குக் காரணம் என்பது அக்கதை. பள்ளிப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை பலரும் இதனையே சொல்லுவர். சற்றே சிந்தித்தால் இது பொருந்தாது என்பது புலப்படும். 1948 இல் வெறுங்காலுடன் ஆடியவர்கள், 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் அவ்வாறே ஆடினர். அங்கெல்லாம் இல்லாத தடை இடையில் ஓராண்டு மட்டும் முளைப்பானேன்? அக்காலத்துக் குழுத் தலைவரான சைலேன் மன்னாவே பின்னாளில் இக்கதையை மறுத்துக் கூறியுள்ளார்.

உண்மை அத்துணைச் சுவையுடையதன்று. பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகள் விலகிக் கொண்டதனால் இந்தியா ஓர் ஆட்டமும் ஆடாமலே தகுதி பெற்றது. நெடுந்தொலைவுப் பயணம்; செலவின் பெரும்பகுதியைத் தாமே ஏற்பதாகப் பிரேசில் நாட்டார் சொல்லியும் நம்மவர் தயங்கினர். பயிற்சிக்குப் போதிய காலம் இல்லை என்றும் சொல்லப்பட்டது. எல்லாவற்றினும் மேலாக, ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பை அவ்வளவு பெரிதன்று என்னும் எண்ணம் அன்றைய நிர்வாகிகளிடம் இருந்தது. இத்தாலி, சுவீடன், பராகுவே ஆகியவற்றோடு ஆட வேண்டிய இடம் காலியாகவே போயிற்று. அந்த வாயில் அதன் பின்னர் இதுவரை இந்தியாவுக்குத் திறக்கவேயில்லை. தடுக்கப்பட்டோம் என்று சொல்லிக் கொள்வது ஆறுதல் தரும். நாமே போகவில்லை என்பதுதான் வரலாறு.

1951 மார்ச்சுத் திங்களில் புதுதில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி கூடியது. இறுதி ஆட்டத்தில் மேவாலால் போட்ட ஒரே கோலினால் ஈரானை வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. அடுத்த ஆண்டே ஹெல்சிங்கியில் யூகோசுலாவியாவிடம் 10-1 என்று தோற்றது. குளிர்ந்து ஈரமாய்க் கிடந்த தரையில் வெறுங்காலின் வித்தை செல்லுபடியாகவில்லை. இனிக் காலணி அணிந்தே ஆடவேண்டும் என்ற விதி அதற்குப் பின்னரே இங்கு வந்தது. பத்துக் கோல் வாங்கித்தான் ஒரு பாடம் படிக்க வேண்டியிருந்தது. ஆனால் யூகோசுலாவியா எளிய குழுவன்று. 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் இரண்டாம் இடம் பெற்று, 1960 இல் தங்கமே வென்ற குழு அது.

இந்நிலையிலிருந்து குழுவைத் தூக்கி நிறுத்தியவர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம். பள்ளி ஆசிரியராய் இருந்தவர். ஐதராபாத் நகரப் போலீசுக் குழுவைப் பழக்கிப் புகழ் பெற்றவர். அவர் கற்பித்த முறையைச் சற்று விளக்க வேண்டும். அக்காலத்தில் முன்னணி வீரர்களுள் நடுவில் நிற்பவர் எதிரியின் கோலுக்கு நேரே நின்று ஆடுவார். அவரை எதிரணியின் நடுக்காவலர் விடாது ஒட்டி நிற்பார். நடுமுன்வீரர் சற்றுப் பின்வாங்கி ஆடினால் என்ன ஆகும்? அவரைத் தொடர்ந்து காவலர் வெளியே வந்தால் கோலுக்கு முன்னே வெற்றிடம் உண்டாகும். அதில் பக்கத்து வீரர்கள் புகுந்துவிடலாம். வராமல் நின்றுவிட்டாலோ, பின்வாங்கிய வீரர் தடையின்றிப் பந்தைப் பங்கிடலாம். 1953 இல் அங்கேரி நாட்டார் இம்முறையால் இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 6-3 என்று வென்று உலகைத் திகைக்க வைத்தனர். அதன் பயனை ரகீம் விரைவில் உணர்ந்து கொண்டார்.

பயன் 1956 இல் மெல்போர்னில் விளைந்தது. முதற் சுற்றில் எதிர்க்க வேண்டிய அங்கேரி, தன் நாட்டுக் கிளர்ச்சியின் காரணமாக ஆட வரவில்லை. இந்தியா ஆடாமலே அடுத்த சுற்றுக்குச் சென்றது. இதனை மறைப்பதற்கில்லை. ஆனால் டிசம்பர் 1 அன்று ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-2 என்று வென்றது யாருடைய கொடையும் அன்று. பம்பாயைச் சேர்ந்த நெவில் டிசௌசா அன்று மூன்று கோல்கள் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் ஆசியர் அவரே. நான்காவது கோல் கிட்டு என்னும் கிருஷ்ணசாமியுடையது. ஒலிம்பிக் அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆசியக் குழு என்னும் பெயர் அன்று நமக்குக் கிடைத்தது.

அரையிறுதியில் மீண்டும் யூகோசுலாவியா. பத்துக் கோல் வாங்கிய அதே எதிரிக்கு எதிராக, இடைவேளைக்குப் பின் இந்தியாவே முதற் கோல் போட்டது! சில நிமிடங்கள் இறுதி ஆட்டத்தின் வாயிலில் நின்றோம். பின்னர் எதிரிகள் விழித்துக் கொண்டனர். 4-1 என்று முடிந்தது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 என்று தோற்று, சமர் பானர்ஜி தலைமையிலான குழு நான்காவது இடத்தோடு திரும்பியது. உலக அரங்கில் இந்தியக் கால்பந்தாட்டம் எட்டிய உச்சி அதுவே.

1960 இல் ரோமாபுரி ஒலிம்பிக். இந்தியா அங்கேரியிடம் 2-1, பெருவிடம் 3-1 என்று தோற்றது. இடையில் ஆகஸ்டு 29 அன்று குரொசெத்தோ என்னும் ஊரில் மறுபடியும் பிரான்சை எதிர்த்தது. குழுத் தலைவர் பி.கே. பானர்ஜி கோல் போட இந்தியா முந்தியது. ஆட்டம் முடிய எட்டு நிமிடங்கள் இருந்தபோது பிரான்சு சமன் செய்தது. 1-1. அந்த நாளிலும் நமது நிலை விந்தையானதே. 1954 நவம்பர் 1 முதல் புதுச்சேரியில் இந்தியக் கொடி பறந்தது. 1956 இல் ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. எனினும் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு இசைவு தராமையால், ஏட்டளவில் நாம் இன்னும் பிரான்சுக்கு உரியவராகவே இருந்தோம். சமனாக முடிந்த ஆட்டம் நமது நிலைக்குப் பொருத்தமாகவே இருந்தது என்று வேடிக்கையாகக் கூறலாம்.

அந்த ஏட்டுக் கணக்கு 1962 ஆகஸ்டு 16 அன்று தீர்ந்தது. அதற்குப் பத்தொன்பது நாட்களுக்குப் பின், செப்டம்பர் 4 அன்று, ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டம் நடந்தது. புதுச்சேரி மக்கள் எவ்வித ஐயமுமின்றித் தமது என்று சொல்லிக் கொள்ளத்தக்க முதற் பெரும் பந்தயம் அது.

அந்த ஆட்டத்தின் சூழ்நிலை கொடியது. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசிய அரசு அனுமதி மறுத்ததை இந்திய விளையாட்டுத் தலைவர் ஜி.டி. சோந்தி கண்டித்திருந்தார். அதனால் சினங்கொண்ட கூட்டத்தினர் இந்தியத் தூதரகத்தைத் தாக்கினர். அவர் சொல்லுக்கு ஆட்டக்காரர்கள் வசை வாங்கினர். செனாயன் அரங்கில் ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள். நமது நாட்டுப் பண்ணுக்கும் கூச்சல் எழுந்தது. அந்தத் திரளில் இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தவர்கள் பாக்கிஸ்தான் ஹாக்கிக் குழுவினர் என்று ஆடியவர்கள் பின்னாளில் நினைவு கூர்ந்துள்ளனர்.

எதிரி தென்கொரியா, 1956, 1960 ஆகிய இரு முறையும் ஆசியக் கோப்பையை வென்ற குழு. இதே போட்டியின் முதல் ஆட்டத்தில் நம்மை 2-0 என்று வென்றிருந்தது. பின்காவலரான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. ரகீம் அவரை வெளியே உட்கார வைக்கவில்லை, முன்னணிக்கு அனுப்பினார். பதினேழாவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜியும், இருபதாவது நிமிடத்தில் ஜர்னைலும் கோல் போட்டனர். ஜர்னைல் தையல் போட்ட தலையோடுதான் ஆடினார் என்பதை மறந்துவிடக் கூடாது. இறுதிக் கட்டத்தில் கொரியா ஒரு கோல் திருப்பியது. அதற்கு மேல் விடவில்லை. சூனி கோஸ்வாமி தலைமையில் இந்தியா 2-1 என்று வென்றது.

அன்று கோலைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். நீலகிரியில் வெலிங்டனில் உள்ள மதராஸ் படைப்பிரிவு மையத்தின் குழுவில் ஆடி உயர்ந்தவர்; முன்னணி வீரராகத் தொடங்கிப் பின்னர் கோல் காவலரானவர். அக்குழு 1955 இலும் 1958 இலும் தூரந்து கோப்பையை வென்றது. கால்பந்தாட்டம் வங்காளியருக்கே உரியது என்று எண்ணும் நம்மவர்க்காக இதனைக் கூறுகிறேன்.

ரகீம் நோயுற்ற உடம்போடுதான் ஜகார்த்தாவுக்குச் சென்றார். 1963 ஜூனில் புற்றுநோயால் காலமானார். 1964 இல் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பையில், தென்கொரியாவையும் ஹாங்காங்கையும் வென்று இஸ்ரேலிடம் தோற்று, இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. 1970 இல் பாங்காக்கில் ஜப்பானை வென்று வெண்கலம் பெற்றது. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் இந்த ஆட்டத்துக்குப் பதக்கமே இல்லை.

ஏன் இந்த இறக்கம்? ரகீம் மறைந்ததே காரணம் என்பர் சிலர். அவரைப் போன்றவர் மறைந்தது இழப்புத்தான். ஆனால் ஒருவர் மறைவால் சாய்ந்துவிடும் மாளிகைக்கு அடித்தளம் முன்பே சரியில்லை என்றுதான் பொருள். உலக நாடுகள் 90 நிமிடம் ஆடிக் கொண்டிருந்த காலத்தில், நம் நாட்டுப் பந்தயங்கள் நெடுங்காலம் 70 நிமிடமே நடைபெற்றன. கடைசி இருபது நிமிடத்துக்கு நமது வீரர்களின் நுரையீரல் பழகவேயில்லை. பிரான்சு நம்மிடம் சமன் செய்ததும் வென்றதும் எந்த நேரத்தில் என்பதை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கல்கத்தாச் சங்கங்களின் போட்டியும் பகையுமே ஆட்டத்தின் முழு உலகமாய் இருந்தன. இதற்கிடையே ஜப்பானியர் 1960 களில் ஜெர்மானியப் பயிற்சியாளர் டெட்மார் கிராமரை அழைத்து அடிப்படையிலிருந்து கற்றனர். 1965 இல் நாடளாவிய லீக் தொடங்கினர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றனர். நமது தேசிய லீக் 1996 இல்தான் வந்தது.

பிற்காலத்தை விரைந்து சொல்லலாம். 1984 ஆசியக் கோப்பையில் ஒரு கோலும் போடாமல் திரும்பினோம். 2008 இல் ஏ.எப்.சி. சவால் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் சுனில் சேத்ரி மூன்று கோல் போட, தஜிகிஸ்தானை 4-1 என்று வென்று 2011 ஆசியக் கோப்பைக்குச் சென்றோம். அங்கே மூன்று ஆட்டத்திலும் தோல்வி. தெற்காசியக் கோப்பையை 2023 வரை ஒன்பது முறை வென்றிருக்கிறோம். அது நமது தெருவுக்குள் நடக்கும் பந்தயம் போன்றது. 2019 சனவரியில் தாய்லாந்தை 4-1 என்று வென்றபோது நாடே மகிழ்ந்தது. 1964 க்குப் பின், ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, ஆசியக் கோப்பையில் கிட்டிய முதல் வெற்றி அது. ஆனால் அடுத்த ஆட்டத்தில் தோற்று, பஃரைனோடு ஆடிய கடைசி ஆட்டத்தில், தொண்ணூறு நிமிடமும் கடந்த பின் ஒரு பெனால்டியால் வீழ்ந்து வெளியேறினோம். 2024 சனவரியில் கத்தாரில் மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, கோல் ஒன்றுமில்லை. 2025 அக்டோபரில் கோவாவில், சொந்த மண்ணில், சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்றதோடு 2027 ஆசியக் கோப்பைக்குச் செல்லும் வழியும் அடைபட்டது. அன்றும் முதலில் கோல் போட்டவர்கள் நம்மவரே.