முடிக்கும் முன்பே பேசுவோம்

என்ன படிக்கிறாய், எப்படி இருக்கிறது என்று கேட்டால், நம்மில் பலர் “முடிச்சுட்டுச் சொல்றேன்” என்கிறோம். முடித்தபின் சொல்வது அபூர்வம். சொன்னாலும் “நல்லா இருந்தது” என்பதோடு சரி. நடுவில் எழுந்த சந்தேகம், எரிச்சல், ஒரு பாத்திரத்தின் மேல் வந்த கோபம் எல்லாவற்றையும் கடைசி அத்தியாயம் துடைத்துவிடுகிறது. படித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லும் கருத்துக்குத்தான் உயிர் அதிகம் என்பது என் கட்சி.

தொடர்கதைக் காலத்தில் வாசகர்களுக்கு வேறு வழியே இருக்கவில்லை. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வாராவாரம் வந்தது. கதையில் வரும் நந்தினி யார், அவள் மனதில் என்ன என்று அடுத்த இதழ் வரும்வரை ஊகிக்கத்தான் முடியும். கதை முடிந்தும் கேள்விகள் ஓயவில்லை. பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று கல்கி தனியாக முடிவுரை எழுத வேண்டி வந்தது.

இதைவிட ஆழமாகப் போனது ஜெயகாந்தன் விவகாரம். 1966இல் ஆனந்த விகடனில் அவருடைய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை வெளியானது. மழை நாளில் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறிய கல்லூரிப் பெண், கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். எந்தத் தாய் இப்படிச் செய்வாள் என்று எதிர்ப்பு கிளம்பியது. ஜெயகாந்தன் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டார். அந்தத் தாய் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்னவாகியிருப்பாள்? தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்று தொடராக வந்து, 1970இல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று நூலானது அந்தக் கேள்விக்கான பதில். 1972இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. நாவலுக்குள்ளேயே ஆர்.கே.வி. என்றொரு எழுத்தாளர் அந்தச் சிறுகதையை எழுதியிருக்கிறார். நாவலின் நாயகி கங்கா அதைப் படிக்கிறாள். கோபப்பட்ட வாசகர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் நமக்குக் கங்கா கிடைத்திருக்க மாட்டாள்.

இன்று புத்தகம் முழுசாகக் கைக்கு வருகிறது. ஆகவே இதழுக்கும் இதழுக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளியை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் போதும். ஒரே நாவலை எடுத்து, இந்த வாரம் இதுவரை என்று நிறுத்தி, அங்கிருந்தே பேசலாம். முன்பே படித்தவர் முடிவை உளறாமல் இருந்தால் சரி.

நானும் ஒரு தோழியும் இப்போது தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ நாவலை அப்படித்தான் படிக்கிறோம். அப்பு வேத பாடசாலைப் படிப்பை முடித்துவிட்டான், சென்னைக்குப் போகவேண்டியவன். பாடசாலை வீட்டில் இருக்கும் இந்து தன் ஆசையை அவனிடம் மறைக்காமல் சொல்லிவிட்டாள். இதுவரை வந்த பக்கங்களில் அவள் ஒருத்திதான் நேர்மையான ஆள், அப்பு தன் பயத்துக்கு வேதத்தைத் துணைக்குக் கூப்பிடுகிறான் என்று நான் சொன்னேன். தோழிக்கு ஒப்புதல் இல்லை. சின்ன வயதிலேயே வீட்டைப் பிரிந்து வந்தவனுக்கு அந்தப் பாடசாலைதானே வீடு, அந்த ஒழுங்கை உடைத்தால் அவன் எங்கே போய் நிற்பான் என்று கேட்டாள். அப்புவை அந்தக் கண்ணோடு நான் பார்க்கவே இல்லை. இந்துவை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அவன் பேசும் இடங்களை மறுபடி படித்துவிட்டுத்தான் அவன் அம்மா அலங்காரத்தம்மாளின் வீட்டுக்குள் நுழையப்போகிறோம்.