வீடு மாறுறீங்களா? டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் பத்திரமா போய்ச் சேர இதையெல்லாம் செய்யுங்க!

வீடு மாறும்போது பீரோவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் கொடுக்கும் கவனத்தைப் பலர் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பதில்லை. 'ஒரு போர்வையைச் சுத்தி வண்டியில ஏத்திடலாம்'னு விட்டுடுவோம். புது வீட்டில் ஆன் செய்தால் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றுமே வராது. வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. காரணம், கீழே விழுவதைவிட உள்ளே தொங்கிக்கொண்டிருக்கும் எடைதான் டெஸ்க்டாப்புக்கு முக்கியமான எதிரி. வண்டி குலுங்கக் குலுங்க அந்த எடை ஆடி, இருக்கும் இடத்தைவிட்டு நகர்ந்துவிடும்.

விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தில் இருக்கும் பொம்மையார்பாளையத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் கடல், நடுவே இ.சி.ஆர். பக்கத்திலேயே ஆரோவில்லும் காலாப்பட்டு பல்கலைக்கழகமும் இருக்கின்றன. படிப்பு, வேலை என்று வந்து வாடகைக்கு இருந்துவிட்டு சென்னைக்கோ திண்டிவனத்துக்கோ கிளம்புகிறவர்கள் இந்தப் பகுதியில் அதிகம். கடற்கரை ஊரிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்புவதில் சில கூடுதல் வேலைகளும் உண்டு.

முதலில் ஃபைல், அப்புறம்தான் பெட்டி

மதர்போர்டு போனால் வேறு வாங்கலாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோ, கடையின் கணக்கு, முக்கால்வாசி முடித்த ஆய்வுக் கட்டுரை போனால் போனதுதான். டிரான்ஸ்போர்ட்காரர் பெட்டிக்கு வேண்டுமானால் இழப்பீடு தரலாம், உள்ளே இருந்த ஃபைலுக்கு யாரும் விலை தரமாட்டார்கள்.

எனவே, எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். நாலைந்து ஃபைல்களைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த டிஸ்க், கம்ப்யூட்டர் போகும் வண்டியில் போகக் கூடாது. உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். சில விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் டிஸ்க் என்க்ரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்கும். பாகங்களைக் கழற்றி மாட்டிய பிறகு அது 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கலாம். அதை முன்கூட்டியே ஒரு பேப்பரில் எழுதி வைத்துவிடுங்கள்.

கழற்றும் முன் போட்டோ

பின்பக்க வயர்களை அப்படியே மொபைலில் படம் எடுங்கள். ஒவ்வொரு வயரிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி 'மானிட்டர்', 'யு.பி.எஸ்' என்று எழுதுங்கள். ஸ்க்ரூக்களுக்குத் தனியாக ஒரு ஜிப் கவர்.

'ஸ்லீப்' மோடில் விட்டுவிடாமல் முழுதாக ஷட் டவுன் செய்யுங்கள். ஹார்டு டிஸ்க் சுற்றும்போது அதன் ஹெட், தட்டுக்கு மிக மிக அருகில் மிதந்துகொண்டிருக்கும். அணைத்ததும் அது ஓரமாக ஒதுங்கிவிடும். அதனால் ஓடும் நிலையைவிட அணைத்த நிலையில் பல மடங்கு அதிர்ச்சியைத் தாங்கும். எஸ்.எஸ்.டி-யில் அசையும் பாகமே இல்லை என்பதால் அந்தக் கவலையும் இல்லை.

பவர் வயரை உருவிய பிறகு, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும்.

எதைக் கழற்ற வேண்டும்?

* கிராபிக்ஸ் கார்டு: பெரிய கார்டுகள் ஒரு கிலோவைத் தாண்டும். அந்த எடை முழுவதும் ஒரு சின்ன ஸ்லாட்டில் தொங்குகிறது. ஸ்க்ரூவை எடுத்து, ஸ்லாட்டின் ஓரத்தில் இருக்கும் கொக்கியை அழுத்திவிட்டு மெதுவாக உருவுங்கள். தொடும் முன் கேபினெட்டின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போய்விடும். கார்டை ஆன்டி ஸ்டாட்டிக் கவரில் போட்டு, அதற்கு மேல் பபுள் ராப் சுற்றுங்கள். நேரடியாக பபுள் ராப், தெர்மாகோல் வேண்டாம். அவை உரசும்போது நிலைமின்சாரம் உண்டாகும்.
* புராசஸர் கூலர்: கம்பெனியிலிருந்தே வரும் சின்ன கூலர் என்றால் விட்டுவிடலாம். கோபுரம்போல உயரமான, கனமான கூலராக இருந்தால் கழற்றுவது நல்லது. திரும்ப மாட்டும்போது தெர்மல் பேஸ்ட் புதிதாகத் தடவ வேண்டும். பழக்கமில்லாதவர்கள் கடையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம்.
* கண்ணாடிக் கதவு: டெம்பர்டு கிளாஸின் ஓரத்தில் ஒரு தட்டு பட்டாலே மொத்தமாக நொறுங்கிவிடும். தனியாகக் கழற்றி, போர்வையில் சுற்றி, நிற்கும் வாக்கில் வையுங்கள். கேபினெட்டின் திறந்த பக்கத்தை அட்டை வைத்து மூடிவிடுங்கள்.

கழற்றத் தெரியவில்லையா? கேபினெட்டை நிமிர்த்தி வைக்காமல், கதவு திறக்கும் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள். அப்போது கார்டும் கூலரும் தொங்காமல் நிமிர்ந்து நிற்கும். கண்ணாடிக் கதவை மட்டும் எப்படியும் கழற்றிவிடுங்கள்.

உப்புக்காத்துக்கு ஒரு கவனிப்பு

கடலோர வீட்டில் கம்ப்யூட்டருக்குள் சேரும் தூசியில் உப்பும் இருக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும். மூட்டை கட்டி நாள் கணக்கில் வைத்தால் உலோக முனைகள் துருப்பிடிக்கலாம். அதனால் பேக் செய்யும் முன் பிளோயரால் உள்ளே ஊதிவிடுங்கள். ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது. பெட்டிக்குள் நாலைந்து சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுங்கள்.

மாறும் மாதத்தையும் பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ மழை கொட்டியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிளம்புகிறவர்கள் அட்டைப்பெட்டியின் மேல் பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றி, வண்டிக்குத் தார்ப்பாயும் கேளுங்கள்.

வண்டியில் எங்கே வைப்பது?

காரில் போனால் கேபினெட்டைப் பின்சீட்டில் படுக்க வைத்து பெல்ட் போடலாம். மானிட்டரை ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு, நிற்கும் வாக்கில், திரை சீட்டின் சாய்மானத்தைப் பார்த்தபடி வையுங்கள். படுக்க வைத்து மேலே தலையணை, பை என்று அடுக்கினால் திரை விரிசல் விடும்.

குட்டி யானையில் அனுப்பினால் வண்டியின் வால்பக்கம் வேண்டாம், குலுக்கல் அங்கேதான் அதிகம். கேபினை ஒட்டி, மெத்தைகளுக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள். யு.பி.எஸ்-ஸை அணைத்து, தனியாக, நேராக வையுங்கள். உள்ளே பேட்டரி இருக்கும் கனமான பெட்டி அது. கேபினெட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

பொம்மையார்பாளையத்திலிருந்து இ.சி.ஆரில் சென்னை போனால் காலாப்பட்டில் புதுச்சேரிக்குள் நுழைந்து, மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் வருவீர்கள். 'மாநில எல்லையில் பிடிப்பாங்களோ' என்று பயப்பட வேண்டாம். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குத்தான் பொதுவாக இ-வே பில் கேட்பார்கள். சொந்த உபயோகத்தில் இருந்த வீட்டுச் சாமான்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. பழைய பில்லின் போட்டோ மொபைலில் இருந்தால் போதும், யார் கேட்டாலும் காட்டலாம்.

போனதும் ஆன் செய்யாதீங்க!

ஏ.சி காரில் குளிர்ந்து வந்த பெட்டி, புழுக்கமான வீட்டுக்குள் வந்ததும் உள்ளே வியர்க்கும். இரண்டு மணி நேரமாவது அப்படியே விடுங்கள். பிறகு திறந்து, எல்லா வயரும் அழுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து, கழற்றியதை மாட்டுங்கள். மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். திரை வராததற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். அப்படியும் வரவில்லையென்றால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ரேமைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டிப் பாருங்கள். மெக்கானிக்கைக் கூப்பிடும் செலவு மிச்சமாகலாம்.

எல்லாம் நன்றாக ஓடுகிறதா? எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் எடுத்த காப்பியை உடனே அழித்துவிடாதீர்கள். ஒரு மாதமாவது இருக்கட்டும். பயணத்தில் அடிபட்ட ஹார்டு டிஸ்க் சில நேரம் சில நாள் கழித்துத்தான் மக்கர் செய்யும்!