எண்ணெய்க் கதைகள் – 14: காட் மீனின் ஈரல்

விளக்கெண்ணெயைப் பற்றி எழுதிய பிறகு வந்த கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. “முகம் பொலிவாக இருக்கவும், முடி கொட்டாமல் இருக்கவும் மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடலாமா?” கல்லூரிப் பெண்கள் கேட்கிறார்கள், பிள்ளை பெற்ற தாய்மார்கள் கேட்கிறார்கள், அறுபதைத் தாண்டியவர்களும் கேட்கிறார்கள். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார், நாமும் சாப்பிட்டால் என்ன என்ற எண்ணம் வருவது இயல்பு. ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. இந்த எண்ணெய் லட்சக்கணக்கான குழந்தைகளின் கால்களை நிமிர்த்தியிருக்கிறது, கண்களைக் காத்திருக்கிறது. யாருக்கு, எந்த நிலையில் அது உதவியது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் நமக்கு அது தேவையா என்பது புரியும்.

கதை தொடங்குவது நார்வேயின் வடக்கே, லொஃபோட்டன் தீவுகளில். ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே இருக்கும் இடம். டிசம்பரில் சில வாரங்கள் அங்கே சூரியன் உதிப்பதே இல்லை. அந்த இருட்டு விலகத் தொடங்கும் ஜனவரியில், பேரண்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன்கள் கூட்டம் கூட்டமாக முட்டையிட வந்து சேரும். ஏப்ரல் வரை மீன்பிடி. தலையை வெட்டி, குடலை எடுத்து, மீனை மரச் சட்டங்களில் தொங்கவிட்டுக் குளிர்காற்றிலேயே காயவைப்பார்கள். ஈரலை மட்டும் தனியே எடுத்து வைப்பார்கள்.

ஈரலுக்கு ஏன் அந்த மரியாதை? நம்மூர் மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் கொழுப்பு சதை முழுக்க ஊறிக் கிடக்கும். காட் மீனின் சதையில் கொழுப்பு மிகக் குறைவு. அது தன் சேமிப்பையெல்லாம் ஈரலில்தான் வைத்திருக்கிறது. மிதவை உயிரிகளைச் சிறு மீன் தின்ன, சிறு மீனைக் காட் தின்ன, கீழே இருந்து சேர்ந்து வந்த வைட்டமின் ஏ-யும் டி-யும் கடைசியில் அந்த ஈரலில் வந்து தங்குகின்றன.

பழைய காலத்தில் எண்ணெய் எடுக்கும் முறை மூக்கைப் பொத்திக்கொள்ள வைக்கும். ஈரல்களைப் பீப்பாயில் போட்டு வைத்துவிடுவார்கள். வாரக்கணக்கில் அது அழுகும். அழுக அழுக எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். முதலில் வருவது வெளிர் மஞ்சள், அடுத்தது பழுப்பு, கடைசியில் எஞ்சிய சக்கையைக் காய்ச்சினால் கறுப்பு எண்ணெய். கறுப்பு எண்ணெய் தோல் பதனிடவும் விளக்கெரிக்கவும் போகும். மருந்தாகக் குடித்தவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது அந்தப் பழுப்பு எண்ணெய்தான். வாயில் வைக்க முடியாத நாற்றம். அப்படியும் வடகடல் ஓரத்து மீனவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அதைக் குடித்து வந்தன. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் மருத்துவமனையிலும் மூட்டுவலிக்காரர்களுக்கு அதைக் கொடுத்தார்கள்.

நாற்றத்தைப் போக்க வழி கண்டவர் பீட்டர் மோல்லர். கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஆஸ்லோவில், மருந்துக் கடை வைத்திருந்தவர். ஈரல் அழுகுவதால்தான் நாற்றம்; அழுகும் முன்பே எண்ணெயை எடுத்துவிட்டால்? இரட்டைச் சுவர் வைத்த பாத்திரம் செய்தார். உள்ளே அன்று பிடித்த மீனின் ஈரல், இரண்டு சுவர்களுக்கும் நடுவே நீராவி. மெல்லிய சூட்டில் ஈரல் குழைந்து, தெளிந்த வெளிர் மஞ்சள் எண்ணெய் மேலே வந்து நிற்கும். அதை மொண்டெடுக்க வேண்டியதுதான். இது 1850-களின் தொடக்கத்தில் நடந்தது. 1854 முதல் அவர் பெயரில் வந்த அந்த எண்ணெய் நார்வேயில் இன்றும் விற்கிறது. அங்கே வீட்டில் ஒரு வழக்கம் உண்டு: மாதத்தின் பெயரில் ‘ஆர்’ என்ற எழுத்து வந்தால் தினம் ஒரு கரண்டி. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை எல்லா மாதத்திலும் அந்த எழுத்து வரும். வெயில் அடிக்கும் மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டில் வராது. வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத காலத்தில், வெயில் இல்லாத மாதத்துக்குத்தான் இந்த எண்ணெய் என்று அனுபவத்தால் பிடித்துவிட்டார்கள்.

அதே காலத்தில் ஐரோப்பாவின் தொழில் நகரங்களை ரிக்கெட்ஸ் ஆட்டிப் படைத்தது. நிலக்கரிப் புகை மூடிய வானம், இடுக்குச் சந்துகள். குழந்தைகளின் எலும்பு இறுகாமல் கால்கள் வில்லாக வளைந்தன, மார்புக்கூடு பிதுங்கியது. பெண் குழந்தையாக இருந்தால் இடுப்பெலும்பு குறுகி, வளர்ந்த பிறகு பிரசவத்தில் உயிர் போகும். ஈரல் எண்ணெய் கொடுத்தால் சரியாகிறது என்று ஜெர்மானிய, பிரெஞ்சு மருத்துவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார்கள். ஏன் சரியாகிறது என்று தெரியாததால் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கியவர்களும் உண்டு.

காரணம் துலங்கியது முதல் உலகப் போரை ஒட்டிய சில ஆண்டுகளில். லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளை வெயில் படாமல் உள்ளேயே அடைத்து, ஓட்ஸ் கஞ்சி கொடுத்து வளர்த்தார். அவற்றுக்கு ரிக்கெட்ஸ் வந்தது. காட் ஈரல் எண்ணெய் கொடுத்தார், போய்விட்டது. அப்போது தெரிந்திருந்த வைட்டமின் ஏ-தான் காரணமாக இருக்கும் என்று அவர் நினைத்தார். அமெரிக்காவில் எல்மர் மெக்காலம் விடவில்லை. எண்ணெயைச் சூடாக்கி அதனூடே காற்றைச் செலுத்தி, உள்ளிருந்த வைட்டமின் ஏ-யை அழித்தார். அந்த எண்ணெயால், ஏ குறைவதால் வரும் கண் நோயைக் குணப்படுத்த முடியவில்லை. ஆனால் ரிக்கெட்ஸைக் குணப்படுத்தியது. அப்படியானால் உள்ளே இன்னொன்று இருக்கிறது. ஏ, பி, சி ஏற்கெனவே வைத்தாகிவிட்டதால் 1922-இல் அதற்கு ‘டி’ என்று பெயர் வைத்தார்.

இதற்கு நடுவே 1919-இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் புற ஊதா விளக்கொளி காட்டியே ரிக்கெட்ஸைக் குணப்படுத்தியிருந்தார். போரில் தோற்றுப் பசியில் கிடந்த வியன்னாவுக்கு ஆங்கிலேய விஞ்ஞானி ஹாரியட் சிக் தன் குழுவோடு போனார். அங்கிருந்த குழந்தைகள் மருத்துவமனையில், எண்ணெய் கொடுத்த குழந்தைகளையும் கொடுக்காத குழந்தைகளையும் குளிர்காலம் முழுக்கக் கவனித்தார். எண்ணெய் குடித்தவர்களுக்கு ரிக்கெட்ஸ் வரவில்லை. வெயிலில் படுக்கவைத்த குழந்தைகளும் அதேபோலத் தேறினார்கள். இந்த இடத்தைத்தான் வாசகர்கள் நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெயில் செய்யும் வேலையை, வெயில் இல்லாத ஊரில் அந்த ஈரல் செய்தது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசு கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த எண்ணெயை ஆரஞ்சுச் சாற்றோடு சேர்த்து வழங்கியது. போர் முடிந்த பிறகு பால்மாவிலும் வைட்டமின் டி, எண்ணெயிலும் வைட்டமின் டி என்று எல்லாம் சேர்ந்துகொண்டதில், 1950-களில் சில குழந்தைகளுக்கு ரத்தத்தில் கால்சியம் அளவுக்கு மீறிப்போனது. பிறகு அளவைக் குறைத்தார்கள். அதே பிரிட்டனின் கிளாஸ்கோ நகரத்தில், குடியேறிய இந்திய, பாகிஸ்தானியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 1960-களிலும் ரிக்கெட்ஸ் இருந்தது. கருத்த தோலுக்கு வைட்டமின் டி உருவாக்க அதிக வெயில் வேண்டும். அந்த ஊரில் அது கிடையாது. 1979-இல் அங்கே இலவசமாக வைட்டமின் டி கொடுக்கும் இயக்கமே நடந்தது. லண்டனிலும் டொரன்டோவிலும் ஆஸ்லோவிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது இன்றைக்கும் பொருந்தும். சென்னையிலிருக்கும் பாட்டி ‘மாத்திரையெல்லாம் எதுக்கு’ என்று தடுக்கக் கூடாத இடம் அது.

இரண்டாம் உலகப் போரில் கப்பல் வரத்து தடைபட்டபோது இந்தியாவுக்குக் காட் எண்ணெய் வரவில்லை. அப்போது சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறை கோழிக்கோட்டில் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுத்தது, திருவிதாங்கூரிலும் எடுத்தார்கள். நம் கடல் சுறாவின் ஈரலில் வைட்டமின் ஏ ஏராளம், டி குறைவு. நம் வீடுகளில் ‘ஷார்க்கோஃபெரால்’ டானிக் குடித்து வளர்ந்தவர்கள் குடித்தது அந்தச் சுறா எண்ணெயைத்தான்.

இனி, தோல். வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும், பிறகு கண் வறண்டு பார்வையே போகும். 1904-இல் ஜப்பானிய மருத்துவர் மோரி, அப்படிக் கண் வறண்ட குழந்தைகளைக் கோழி ஈரலும் காட் ஈரல் எண்ணெயும் கொடுத்துத் தேற்றியதைப் பதிவு செய்தார். மாலைக்கண்ணுக்கு ஆட்டு ஈரல் சுட்டுக் கொடுத்த நம் கிராமத்துப் பெண்களும் இதே அறிவோடுதான் இருந்தார்கள். தோலிலும் ஒரு அடையாளம் தெரியும். முழங்கை, முழங்கால், தொடை ஆகிய இடங்களில் ஒவ்வொரு மயிர்க்காலின் வாயிலும் சிறு முள்போல ஒரு அடைப்பு. தடவினால் சொரசொரவென்று இருக்கும். இலங்கையில் பணியாற்றிய மருத்துவர் லூசியஸ் நிக்கல்ஸ் 1933-இல் இதைத் தேரைத் தோல் என்ற பொருள்படும் கிரேக்கப் பெயரால் விவரித்தார். குன்னூர் ஆய்வகத்தில் ஊட்டச்சத்தை ஆராய்ந்தவர்கள் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளிடம் இதை நிறையப் பார்த்தார்கள். வைட்டமின் ஏ மட்டும் அல்ல, நல்ல கொழுப்பும் பி வைட்டமின்களும் குறைந்தாலும் இது வரும் என்று பின்னால் தெரிந்தது. வயிறாரச் சாப்பிடாத பிள்ளையின் தோல் அது. அந்தப் பிள்ளைக்கு ஈரல் எண்ணெய் கொடுத்தால் தோல் மிருதுவாவது உண்மை. ‘மீன் எண்ணெய் குடித்தால் தோல் பளபளக்கும்’ என்ற நம்பிக்கைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

மூன்று வேளையும் சாப்பிட்டு, கீரையும் பப்பாளியும் முட்டையும் பாலும் எடுத்துக்கொள்ளும் ஒருவருக்கு மேற்கொண்டு ஊற்றினால் தோல் இன்னும் பளபளக்குமா? அதற்கு ஆதாரம் கிடையாது. கரப்பான் என்று நாம் சொல்லும் எக்ஸிமாவுக்கு இத்தகைய துணை மாத்திரைகள் உதவுமா என்று அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த காக்ரேன் குழுவினர், உறுதியான ஆதாரம் இல்லை என்றே 2012-இல் எழுதினார்கள். சளி, காய்ச்சல் வராமல் தடுக்குமா என்பதை நார்வேக்காரர்களே கொரோனா காலத்தில் சோதித்தார்கள். சுமார் 34,000 பேர். ஒரு பாதிக்கு தினம் ஒரு தேக்கரண்டி காட் ஈரல் எண்ணெய், மறுபாதிக்குச் சோள எண்ணெய். 2022-இல் முடிவு வந்தது: இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. தங்கள் பாட்டன் காலத்து மருந்தையே நடுநிலையோடு சோதித்து, கிடைத்த பதிலை மறைக்காமல் வெளியிட்ட அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அளவு மீறினால் நடப்பது இதைவிட முக்கியம். 1597-இல் டச்சுக் கடலோடி வில்லெம் பேரண்ட்ஸின் கப்பலாட்கள் ஆர்க்டிக் தீவான நோவாயா செம்லியாவில் சிக்கிக் கிடந்தபோது, பனிக்கரடியைக் கொன்று ஈரலைச் சமைத்துச் சாப்பிட்டார்கள். மூன்று பேர் சாவின் விளிம்புக்குப் போனார்கள்; உச்சி முதல் உள்ளங்கால் வரை தோல் உரிந்தது என்று கூடப் போன கெரிட் டி வீர் எழுதி வைத்திருக்கிறார். பனிக்கரடியின் ஈரலில் வைட்டமின் ஏ நஞ்சாகும் அளவுக்குச் சேர்ந்திருக்கும். மாத்திரையில் அவ்வளவு இல்லைதான். ஆனாலும் நாள்பட அதிகமாகப் போனால் உதடு வெடிக்கும், தோல் வறளும், முடி கொட்டும், தலைவலி வரும், ஈரல் கெடும். எதற்காகச் சாப்பிட ஆரம்பித்தோமோ அதுவே கெட்டுப்போகும்.

கணக்கைப் பாருங்கள். சுத்திகரிப்பில் எதையும் குறைக்காத காட் ஈரல் எண்ணெயில் ஒரு தேக்கரண்டிக்குச் சுமார் 1,350 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ, 450 ஐ.யு. வைட்டமின் டி. பெரியவர்கள் ஒரு நாளைக்கு ஈரலில் இருக்கும் இந்த வகை வைட்டமின் ஏ-யை 3,000 மைக்ரோகிராமுக்கு மேல் தொடக்கூடாது. இரண்டு தேக்கரண்டியிலேயே எல்லையை நெருங்கிவிடுகிறோம். கூடவே ஒரு மல்டிவைட்டமின் மாத்திரையும் போட்டால் முடிந்தது. இதனால்தான் நார்வேயில் 1999-இல் தேக்கரண்டிக்கு 1,000 மைக்ரோகிராமாக இருந்ததை 250 ஆகக் குறைத்தார்கள். நம் கடைகளில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு அளவு. மேலும், ‘ஃபிஷ் ஆயில்’ என்று இருப்பது மீன் சதையின் எண்ணெய். அதில் ஒமேகா-3 உண்டு, இந்த வைட்டமின்கள் பெயருக்குத்தான். ‘காட் லிவர் ஆயில்’ என்பதுதான் ஈரல் எண்ணெய். இரண்டும் மஞ்சளாக, முட்டை வடிவில், ஒரே மாதிரி இருக்கும்.

பருவுக்குத் தோல் மருத்துவர் எழுதித் தரும் ஐசோட்ரெட்டினாயின், வைட்டமின் ஏ-யின் நெருங்கிய உறவு. அதைச் சாப்பிடும் பெண்ணோ பையனோ கூடவே ஈரல் எண்ணெயையும் விழுங்கினால் நஞ்சாகும் ஆபத்து கூடும். கர்ப்பிணிகள் விஷயத்தில் பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை தெளிவாகவே சொல்கிறது: ஈரல் எண்ணெய் வேண்டாம். வைட்டமின் ஏ மிகுந்தால் கருவின் உறுப்புகள் கோணலாக உருவாகும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் கேட்காமல் தொடக்கூடாது.

என் தீர்ப்பு இது. தோல் அழகுக்காக இதை வாங்காதீர்கள். நம்மூரில் வெயில் இருந்தும் வைட்டமின் டி குறைந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் அப்படித் தெரிந்தால், மருத்துவர் தரும் தனி டி மாத்திரையே அளவாகவும் மலிவாகவும் இருக்கும். ஒமேகா-3 வேண்டுமா, வாரத்தில் இரண்டு நாள் மத்திக் குழம்பு வையுங்கள். ஏற்கெனவே வீட்டில் ஒரு டப்பா இருந்தால் இன்றைக்கே அதன் பின்பக்கத்தைத் திருப்பி, வைட்டமின் ஏ எவ்வளவு என்று பாருங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்து, அவர் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் அந்த டப்பாவைக் காட்டிவிடுங்கள்.