நிறுத்தத் தெரிந்தால்தான் ஓட்டத் தெரியும்



சைக்கிள் வாங்கும்போது நிறத்தைப் பார்க்கிறோம். கியர் எத்தனை என்று கேட்கிறோம். கூடை உண்டா என்றும் பார்க்கிறோம். பிரேக் எப்படி என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்? சென்ற ஆண்டுக் குறுவை அறுவடை வரை நானும் கேட்டதில்லை.

பெரியம்மா மகன் பழைய மலைச் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கி வந்திருந்தார். "ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், விரலால் தொட்டாலே நிற்கும்" என்றார். ஆசையோடு ஏறினேன். வெண்ணாற்றுக் கரையிலிருந்து ஊருக்குள் இறங்கும் சரிவில், கீழே சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பாட்டி அதைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். பிரேக் பிடியை அழுத்தினேன். அது பஞ்சுபோல் உள்ளே போய் ஹேண்டில்பாரைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. வேறு வழியின்றி ஓரத்து வைக்கோல் குவியலில் வண்டியைத் திருப்பி விழுந்தேன். முழங்கை சிராய்ந்தது, நல்லவேளை, பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் இப்படி ஆயிற்று என்று தேடியதன் பயனே இக்கட்டுரை.

எப்படி வேலை செய்கிறது?

1623-இல் பிரான்சு நாட்டில் பிறந்த பிளேய்ஸ் பாஸ்கல் கண்ட விதி நம் பாடப் புத்தகத்தில் உள்ளது: மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம், குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும். பிரேக் பிடியில் ஒரு சிறு பிஸ்டனும், சக்கரத்தருகே காலிப்பரில் பெரிய பிஸ்டன்களும் உள்ளன. இடையே குழாய் நிறைய எண்ணெய். சிறு பிஸ்டனின் பரப்பு 1 சதுர செ.மீ., பெரியதன் பரப்பு 4 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். விசை 4 மடங்காகும். நகரும் தூரம் நான்கில் ஒன்றாகும். பேட்கள் மிகச் சிறிது நகர்ந்தாலே ஹப்பில் பூட்டிய டிஸ்க் தட்டைக் கவ்விவிடும் ஆதலால், தூரம் குறைவது குறையன்று.

ஆனால் குழாயில் காற்று புகுந்தால்? திரவம் எளிதில் சுருங்காது, காற்றோ சுருங்கும். நம் கைவிசையெல்லாம் காற்றைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகும். அன்று என் கையில் நேர்ந்தது அதுதான்.

டிஸ்க் பிரேக்குக்கு 1902-இல் இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் காப்புரிமை பெற்றார். 1953-இல் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் பிரான்சின் லே மான் பந்தயத்தில் வென்றது. மலைச் சைக்கிளுக்கு அது வந்தது வெகு பின்னால்.

கோளாறும் தீர்வும்

1. பிடி பஞ்சுபோல் இருந்தால்: காற்று புகுந்திருக்கும். காற்றெடுக்க வேண்டும், மெக்கானிக்குகள் இதைப் பிளீடிங் என்பர். பஞ்சர் ஒட்ட வண்டியைத் தலைகீழாக நிறுத்தினால்கூட, மேலே தங்கிய காற்று குழாய்க்குள் இறங்கக்கூடும். நிமிர்த்தியபின் பிடியைப் பலமுறை அழுத்திப் பார்த்த பிறகே ஏற வேண்டும்.

2. எண்ணெய் கசிந்தால்: பெரும்பாலும் ரப்பர் வளையம் கெட்டிருக்கும். எங்கள் வண்டியின் கதை இதுவே. ஷிமானோ, டெக்ட்ரோ போன்ற பிரேக்குகளுக்கு மினரல் எண்ணெய். வேறு சிலவற்றிற்கு மோட்டார் சைக்கிளில் ஊற்றும் டாட் வகை எண்ணெய். ஒன்றுக்கு மற்றது ஆகாது. யாரோ ஒரு கடையில் மினரல் எண்ணெய் பிரேக்கில் டாட் எண்ணெயை ஊற்றியிருந்தார்கள். ரப்பர் உப்பி, எண்ணெய் கசிந்து, காற்றும் புகுந்துவிட்டது. எந்த எண்ணெய் என்பது பிடியிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும்.

3. கீச்சென்று கத்தி, பிடிக்காமல் போனால்: தட்டில் எண்ணெய் பட்டிருக்கும். செயினுக்கு எண்ணெய் விடும்போது தெறிப்பதே வழக்கமான காரணம். தட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். எண்ணெய் ஊறிய பேட்டை மாற்றுவதே நல்லது.

4. தட்டு உரசினால்: காலிப்பரின் இரு போல்ட்டுகளைத் தளர்த்தி, பிடியை அழுத்தியபடியே மீண்டும் இறுக்க வேண்டும். தட்டு வளைந்திருந்தால் நிமிர்த்த வேண்டும்.

5. சக்கரத்தைக் கழற்றிய பின் பிடியை அழுத்தலாகாது. பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும். இடையில் ஓர் அட்டைத் துண்டைச் செருகி வைக்க வேண்டும்.

பேட்டின் தேயும் பகுதி அரை மில்லிமீட்டராகக் குறைந்தால் மாற்ற வேண்டும். சுழலும் தட்டருகே தம்பி தங்கையரின் விரல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதை வாங்குவது?

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்கே இறங்குகிறவருக்கு ஹைட்ராலிக் பிரேக் பெருந்துணை. 160 மி.மீ. தட்டைவிட 180, 203 மி.மீ. தட்டுகள் வெப்பத்தை நன்கு தாங்கும். நம் தஞ்சைத் தரணியிலோ பாலமும் ஆற்றங்கரையும்தான் மலை! பள்ளிக்கு வந்துபோக, ரிம்மைப் பிடிக்கும் வயர் பிரேக்கும் நல்ல பிரேக் கட்டையும் போதும். மழையில் ரிம் நனைந்தால் பிடி குறையும். அப்போது வேகத்தை முன்னரே குறைக்க வேண்டும். டிஸ்க் சேற்றிலிருந்து தள்ளி இருப்பதால் அதற்கு இத்தொல்லை குறைவு.

டிஸ்க் என்றாலே ஹைட்ராலிக் அன்று. காலிப்பரில் இரும்பு வயர் வந்து முடிந்தால் அது வயர் டிஸ்க். சாதாரணக் கடையிலும் சரிசெய்யலாம். ஹைட்ராலிக் வாங்குவதாயின் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த எண்ணெய்? பேட் கிடைக்குமா? அருகில் காற்றெடுக்கத் தெரிந்தவர் உண்டா? பழைய வண்டிக்கு மாட்டுவதாயின் ஃபிரேம், ஃபோர்க், ஹப் மூன்றிலும் அதற்கு இடம் இருக்க வேண்டும்.

பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அவர்களால் நமக்குச் சாலை திறந்தது. அந்தச் சாலையில் நெல் கிளறும் பாட்டியும் இருக்கிறார். ஆகவே தோழியரே, தினமும் காலையில் ஏறுமுன் இரு பிடிகளையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.