லினக்ஸில் பெரிய கேம் ஓடுமா?

தமிழக அரசு 2011-இல் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களின் அரசுப் பள்ளிகளுக்கும் வந்தவை அவை. ஆனால் கேம் என்றாலே பிள்ளைகளுக்கு விண்டோஸ்தான்.

கிளவுட் கேமிங் இந்தக் கணக்கை மாற்றுகிறது. கேம் எங்கோ ஒரு சர்வரில் ஓடும். நமக்கு வருவது வீடியோ மட்டும். பிரவுசர் போதும், லினக்ஸா விண்டோஸா என்ற கேள்வியே இல்லை.

அப்புறம் கேம் ஏன் தடுமாறுகிறது? நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி. ஒளியிழையில் ஒளி ஒரு மில்லிநொடியில் சுமார் 200 கி.மீ. ஓடிவிடும். சர்வர் சென்னையில் இருந்தால், கீழ்பென்னாத்தூரிலிருந்து அவ்வளவு தூரம்கூட இல்லை. போய்வர 2 மில்லிநொடிதான். தாமதம் பெரும்பாலும் வீடியோவைச் சுருக்கி விரிப்பதிலும், வைஃபையிலும், செல்போன் டவர் நெரிசலிலும்தான். லினக்ஸில் இன்னொரு தொல்லை: வீடியோவை விரிக்கும் வேலையைப் பிரவுசர் கிராபிக்ஸ் சில்லிடம் தராவிட்டால் பிராசஸரே சுமக்கும். மின்விசிறி இரைய ஆரம்பித்துவிடும்.

2019-இல் வந்த கூகுளின் கிளவுட் கேமிங் சேவை ஸ்டேடியா லினக்ஸ் சர்வர்களில்தான் ஓடியது. (இந்தியாவுக்கு அது வரவே இல்லை.) அதற்காக லினக்ஸுக்கு மாற்றப்பட்ட கேம்கள் பலவும் வீட்டு லினக்ஸை எட்டவில்லை, வேடிக்கைதான். 2023 ஜனவரி 18-இல் கடையே மூடப்பட்டது.

வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட 'புரோட்டான்', விண்டோஸ் கேம்களை லினக்ஸ் கணினியிலேயே ஓட வைக்கிறது. திறன்மிக்க கணினி இருந்தால் அதுவே நல்ல வழி. பழைய மடிக்கணினிக்குத்தான் கிளவுட்.