சந்தேகத்தின் பலன் யாருக்கு?

வியாபாரத்துக்கும் தர்மத்துக்கும் ஒருபோதும் ஒத்துவராது என்று சொல்லுகிறவர்கள் எக்காலத்திலும் இருந்து வந்திருக்கிறார்கள். நேர்மையான கம்பெனி என்று ஒருமுறை பேரெடுத்துவிட்டால் அது செய்வதெல்லாம் நேர்மையாகவே இருக்கும் என்று நம்புகிறவர்களும் அவர்களுக்குக் குறைவில்லாமல் இருந்து வந்திருக்கிறார்கள். இவ்விரு கட்சியாரும் தர்மத்தை ஒரு ஸ்தாபனத்தின் பிறவிக் குணமாகவே கருதுகிறார்கள். அது சந்தர்ப்பந்தோறும் புதிதாகச் செய்துகொள்ள வேண்டிய தீர்மானம் என்பதை இருவருமே மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் பிரசித்தமான மருந்துக் கம்பெனிகளுள் ஒன்றாகிய மெர்க்கின் சரித்திரத்தில், 17 ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு சம்பவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்த உண்மை தெளிவாக விளங்கும்.

ஆப்பிரிக்கக் கண்டத்தின் பல நாடுகளில், வேகமாக ஓடும் ஆறுகளின் கரைகளில், ஒருவகைக் கரிய சிற்றீ பெருகுகிறது. அது மனிதரைக் கடிக்கும்போது ஒருவகைப் புழுவின் நுண்ணிய குஞ்சுகள் உடலுக்குள் புகுந்துவிடுகின்றன. அவை தோலுக்கடியில் முடிச்சுகளாகத் தங்கி வளர்ந்து, 10, 15 ஆண்டுகள்கூட உயிரோடிருந்து, லட்சக்கணக்கான நுண்புழுக்களை ஈன்றுகொண்டே இருக்கும். அந்த நுண்புழுக்கள் தோலெங்கும் பரவி, இரவும் பகலும் தூங்கவிடாத அரிப்பைத் தருகின்றன. நாளடைவில் கண்ணையும் எட்டி, அங்கே மடிந்து, அதனால் உண்டாகும் அழற்சியினாலேயே பார்வையைப் பறித்துவிடுகின்றன. ஆற்றுக் குருட்டு நோய் என்று பெயர் பெற்ற இந்த வியாதியினால் 1980-களில் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் பேர் பீடிக்கப்பட்டிருந்தார்கள் என்பது அக்காலத்து மதிப்பீடு. செழிப்பான ஆற்றங்கரை நிலங்களை விட்டுவிட்டு ஊர் ஊராக ஜனங்கள் வெளியேறினார்கள். பார்வையிழந்த பெரியவர் கோலின் ஒரு நுனியைப் பற்றியிருக்க, மறு நுனியைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறு குழந்தை முன்னே நடந்து செல்வது அந்தக் கிராமங்களில் அன்றாடக் காட்சியாக இருந்தது.

இந்த நோய்க்கான மருந்து வேறொரு காரியத்தைத் தேடப்போன இடத்தில் அகப்பட்டது. ஜப்பானின் கிதசாதோ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சதோஷி ஓமுரா என்னும் விஞ்ஞானி, ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே எடுத்த மண்ணிலிருந்து பிரித்த நுண்ணுயிரை 1970-களின் நடுவில் மெர்க் கம்பெனிக்கு அனுப்பிவைத்தார். அயர்லாந்தில் பிறந்தவரும் மெர்க்கின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றியவருமான வில்லியம் காம்ப்பெலின் குழுவினர் அதிலிருந்து கண்ட பொருளே பின்னர் ஐவர்மெக்டின் ஆயிற்று. 1981-இல் கால்நடை மருந்தாக விற்பனைக்கு வந்த அது, ஆடுமாடுகளையும் குதிரைகளையும் வாட்டிய புழுக்களை ஒழித்துக் கம்பெனிக்குப் பெருஞ்செல்வத்தை ஈட்டித் தந்தது. ஆனால் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, குதிரையின் உடலில் வாழும் ஒரு புழுவின்மீது இம்மருந்து வேலை செய்வதைக் கவனித்த காம்ப்பெல், அந்தப் புழு ஆற்றுக் குருட்டு நோய்ப் புழுவுக்கு நெருங்கிய உறவாக இருப்பதால் மனிதருக்கும் இது பயன்படக்கூடும் என்று தம் மேலதிகாரிகளுக்கு எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்தை ஒரு மூலையில் போட்டுவிட நியாயமான காரணங்கள் பல இருந்தன. நோயாளிகளோ உலகத்தின் மிக ஏழை மக்கள்; மருந்தை விலைகொடுத்து வாங்க அவர்களால் ஆகாது. மனிதரிடம் சோதிக்கும்போது ஏதேனும் தீங்கு விளைந்தால், நன்றாக விற்பனையாகக்கூடிய கால்நடை மருந்தின் பெயரும் கெட்டுப்போகும். இவ்வளவும் தெரிந்திருந்தும், அப்போது ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராக இருந்த ராய் வாகெலோஸ் சோதனையைத் தொடர அனுமதித்தார். ஆப்பிரிக்காவில் பணியாற்றி அந்நோயை நேரில் கண்டறிந்திருந்த முகம்மது அஸீஸ் என்னும் மருத்துவரின் முயற்சியால், 1981-இல் செனகல் நாட்டின் டக்கார் நகரில் முதல் நோயாளிகளுக்கு மிகச் சிறிய அளவில் மருந்து கொடுக்கப்பட்டது. வருஷத்துக்கு ஒரு வேளை உட்கொண்டால் போதும், நுண்புழுக்கள் அடங்கிவிடும் என்பது படிப்படியாக நிரூபணமாயிற்று. தாய்ப்புழுக்களை அது கொல்லுவதில்லை. ஆகவே அவை தாமாகவே மடியும் வரையில், பல ஆண்டுகள் இடைவிடாமல் கொடுத்துவர வேண்டும்.

அதற்குள் கம்பெனியின் தலைமைப் பதவிக்கு வந்துவிட்ட வாகெலோஸ், மருந்தை வாங்கிக் கொடுக்கும்படி அரசாங்கங்களையும் சர்வதேச ஸ்தாபனங்களையும் அணுகிப் பார்த்தார். பணம் தர ஒருவரும் முன்வரவில்லை. இனாமாகக் கொடுத்தால் இனிமேல் ஏழை நாடுகளின் வியாதிகளுக்கு மருந்து கண்டுபிடிக்கும் கம்பெனிகள் எல்லாம் அப்படியே கொடுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உண்டாகி, அத்தகைய ஆராய்ச்சியில் முதல்போட யாரும் துணியமாட்டார்கள் என்ற ஆட்சேபம் எழுந்தது. அதுவும் அலட்சியம் செய்யத்தக்க ஆட்சேபம் அன்று. எல்லாவற்றையும் எடைபோட்ட பிறகு, 1987 அக்டோபர் 21-ஆம் தேதி, தேவைப்படுகிற எல்லாருக்கும், தேவைப்படுகிற காலம் வரையில், மருந்தை இலவசமாகவே கொடுப்பது என்று மெர்க் அறிவித்தது.

இந்தத் தீர்மானத்தில் போற்றத்தக்கது தாராள மனம் மட்டுமன்று. அந்த மனத்தோடு கூடவே சென்ற விவேகமும் ஆகும். மாத்திரைகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டுப் புண்ணியத்தைத் தேடிக்கொள்ளாமல், அவை நோயாளியின் கைக்குப் போய்ச் சேருகிற வழியையும் யோசித்தார்கள். பெரியம்மை ஒழிப்பில் பெரும்பங்கு கொண்ட மருத்துவர் வில்லியம் ஃபேகியின் தலைமையில், கம்பெனிக்கு வெளியே உள்ள நிபுணர்களைக் கொண்ட ஒரு குழு அட்லாண்டா நகரில் அமைக்கப்பட்டு, யாருக்கு எப்படிக் கொடுப்பது என்பதை முடிவு செய்யும் பொறுப்பு அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. பிற்பாடு அந்தந்தக் கிராமத்தாரே தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து மருந்தை வழங்கச் செய்தார்கள்; நிறைபார்க்கத் தராசு இல்லாத ஊர்களில், கோடிட்ட ஒரு கம்பத்தருகே ஆளை நிறுத்தி உயரத்தைக் கொண்டே அளவு தீர்மானிக்கப்பட்டது. 1998-இல், நம் நாட்டார் நன்கறிந்த யானைக்கால் நோய்க்கும், அது ஆற்றுக் குருட்டு நோயோடு சேர்ந்து காணப்படும் நாடுகளில், இதே மருந்து இலவசமாக விஸ்தரிக்கப்பட்டது. 2013-இல் கொலம்பியாவும், அதை அடுத்து ஈக்வடார், மெக்சிகோ, குவாத்தமாலா நாடுகளும் ஆற்றுக் குருட்டு நோயிலிருந்து விடுபட்டன. 2025-இல் ஆப்பிரிக்காவிலேயே முதலாவதாக நைஜர் அந்த நிலையை எய்தியது. ஓமுராவுக்கும் காம்ப்பெலுக்கும் 2015-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பாதி கிடைத்தது. இக்காரியத்தினால் கம்பெனிக்கு நற்பெயரும், நன்கொடைக்குரிய வரிச்சலுகையும் வந்து சேர்ந்தன என்பதும் மெய்யே. ஆனால் நற்காரியத்தினால் நன்மை பெற்றவன் குற்றவாளி ஆகமாட்டான்.

இதே கம்பெனி 1999-இல் வயாக்ஸ் என்னும் வலிநிவாரணியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூட்டுவலிக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகள் இரைப்பையைப் புண்ணாக்கும். அந்தக் கஷ்டம் இல்லாமல் வலியைப் போக்குவதே இதன் சிறப்பு. இரைப்பைக்கு இது நல்லது என்பதை நிலைநாட்டுவதற்காக, சுமார் 8,000 நோயாளிகளைக் கொண்டு, நாப்ராக்ஸென் என்ற பழைய மருந்தோடு ஒப்பிட்டு ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. 2000-இல் முடிவு வந்தபோது, இரைப்பைத் தொல்லை குறைந்திருந்தது உண்மை. ஆனால் வயாக்ஸ் உட்கொண்டவர்களிடையே மாரடைப்பு பல மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. இதற்கு இரண்டு வியாக்கியானங்கள் சாத்தியம்: வயாக்ஸ் இருதயத்துக்குத் தீங்கு செய்கிறது என்பது ஒன்று, நாப்ராக்ஸென் இருதயத்தைக் காப்பாற்றுகிறது என்பது மற்றொன்று. இரண்டில் எது உண்மை என்று அந்த ஆராய்ச்சியினால் சொல்ல முடியாது. கம்பெனி இரண்டாவது வியாக்கியானத்தை ஏற்றுக்கொண்டது. விளம்பரமும் விற்பனையும் தொடர்ந்து நடந்தன. 2002-இல் மருந்தின் குறிப்பேட்டில் இருதய நோய் பற்றிய எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. 2003-ஆம் ஆண்டில் மட்டும் விற்பனை சுமார் 250 கோடி டாலர்.

குடலில் தோன்றும் கட்டிகளைத் தடுக்க வயாக்ஸ் உதவுமா என்று அறிய நடந்த வேறொரு ஆராய்ச்சியில், 18 மாதங்களுக்கு மேல் உட்கொண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் முதலிய அபாயங்கள் ஏறக்குறைய இருமடங்காவது தெரியவந்தது. அந்த ஆராய்ச்சியில் ஒப்பிடப்பட்டது நாப்ராக்ஸென் அன்று, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. ஆகவே பழைய வியாக்கியானத்துக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. 2004 செப்டம்பர் 30-ஆம் தேதி கம்பெனி தானாகவே மருந்தை உலகெங்கிலும் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2007-இல் ஆயிரக்கணக்கான வழக்குகளைத் தீர்த்துக்கொள்ள 485 கோடி டாலர் கொடுக்க உடன்பட்டது. அனுமதி பெறாத உபயோகத்துக்கு மருந்தைப் பிரசாரம் செய்தது சம்பந்தமான விவகாரத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சுமார் 95 கோடி டாலர் செலுத்த 2011-இல் இணங்கியது.

முதற்கதையில் வருகிறவர்கள் எல்லாம் தேவர்கள் என்றும் இரண்டாவதில் வருகிறவர்கள் அசுரர்கள் என்றும் பிரித்துவிட்டால் நாம் பாடம் எதையும் கற்றுக்கொள்ள மாட்டோம். இரண்டு சந்தர்ப்பங்களிலும் கெட்டிக்கார விஞ்ஞானிகள் இருந்தார்கள். இரண்டிலும் விளைவு இன்னது என்று நிச்சயமாகத் தெரியாத நிலை இருந்தது. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். ஐவர்மெக்டின் விஷயத்தில் நஷ்டம் வருமோ என்ற சந்தேகத்தைக் கம்பெனி தன் தலைமேல் ஏற்றுக்கொண்டு, பலனை நோயாளிக்குக் கொடுத்தது. வயாக்ஸ் விஷயத்தில் சந்தேகத்தின் பலனைத் தன் மருந்துக்குக் கொடுத்துவிட்டு, அபாயத்தை நோயாளியின் தலைமேல் விட்டுவிட்டது. நியாயஸ்தலத்தில் சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு அளிப்பது உயர்ந்த தர்மம்; ஏனென்றால் தண்டனையை அனுபவிக்கப் போகிறவன் அவன். அந்த நியாயத்தின்படியே, மருந்தானாலும் இயந்திரமானாலும், அது பிழைத்தால் யார் அனுபவிப்பாரோ அவருக்கே சந்தேகத்தின் பலன் சேர வேண்டும். விற்கிற பொருளுக்குச் சேரக்கூடாது.

நல்லெண்ணம் ஒன்றினால் மாத்திரம் இது நடந்துவிடாது. விற்பனையினால் ஆதாயம் பெறுகிறவனே அதன் தீங்கை நிறுத்துப் பார்க்கும் நீதிபதியாகவும் இருந்தால், அவன் எவ்வளவு யோக்கியனாக இருந்தாலும் தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்தே தீரும். ஆகையால் சோதனை தொடங்குமுன்பே, இன்ன முடிவு வந்தால் நிறுத்திவிடுவோம் என்று எழுதிவைக்க வேண்டும். தீங்கை மதிப்பிடும் அதிகாரம் வெளியாரிடம் இருக்க வேண்டும். கீழே இருப்பவர் எழுதும் கடிதம் மேலே இருப்பவரின் மேஜைக்கு எவ்விதத் தடையுமின்றிப் போய்ச் சேர வேண்டும். மருத்துவ உலகம் இதில் ஓரளவு முன்னேறியிருக்கிறது. நம் இந்திய நாட்டிலும் மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்வதற்கென்று 2007-இல் ஒரு பொதுப் பதிவேடு ஏற்பட்டு, 2009 முதல் அதில் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. யாரும் அதைப் பார்க்கலாம். ஆனால் கடன் கொடுக்கலாமா என்று முடிவு செய்கிற கணினி நிரலுக்கும், குழந்தைகளின் கவனத்தைப் பிடித்து நிறுத்துகிற கைப்பேசிச் செயலிக்கும், வேலைக்கு விண்ணப்பித்தவரைத் தள்ளிவிடுகிற செயற்கை அறிவுக்கும் இத்தகைய முன்னேற்பாடு பெரும்பாலும் இன்னும் இல்லை. தீங்கு நிரூபிக்கப்படவில்லை என்ற ஒரே பதிலோடு அவை கோடிக்கணக்கான மக்களின் நடுவே உலவுகின்றன.

இத்தகைய பொருள்களை உருவாக்கும் வேலையில் இன்று நம் இளைஞர்கள் ஆயிரமாயிரம் பேர் ஈடுபட்டிருக்கிறார்கள். அவர்களை நோக்கி இந்த ஒரு வேண்டுகோளை வைக்கலாம்: உங்கள் முன் ஒரு முடிவு வரும்போது, இது லாபமா, சட்டப்படி செல்லுமா என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள், எங்களுக்குத் தெரியாதது எது, அது தவறாகப் போனால் யார் அனுபவிப்பார் என்றும் கேளுங்கள். அதற்கு விடை கிடைக்கும் வரையில் உங்கள் சம்மதத்தைக் கொடுக்காதீர்கள்.